கொமடோர் 64: விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

எட்டுபிட்_புதியவன்:

வணக்கம். சித்தப்பா பயன்படுத்திய கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. பழுப்பு நிற உடல், அதன் கேசட் இயக்கி, செங்கல் கனத்தில் ஒரு கறுப்பு மின்வழங்கி, ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகள். கேசட்டுகளில் பாதி விளையாட்டுகள். மீதி, அவரே பேசிக் மொழியில் எழுதிச் சேமித்த நிரல்கள். எனக்கு முக்கியம் அந்த மீதிதான்.

இயக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது. டிவி ஏதோ சிக்னல் வருவதாக உணர்கிறது. ஆனால் திரை முழுக்கக் கறுப்பு. நீலத் திரையும் இல்லை, அதைச் சுற்றி வரவேண்டிய வெளிர்நீல ஓரமும் இல்லை.

தேடிப் பார்த்ததில் தலை சுற்றுகிறது. எல்லாக் கெப்பாசிட்டர்களையும் மாற்று என்கிறார் ஒருவர். எந்த நேரத்தில் எந்தச் சில்லு பேசலாம் என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சில்லுதான் போயிருக்கும், கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்கிறார் இன்னொருவர். பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தச் சில்லுகளின் வேலையைத் தானே செய்யும் எஃப்பிஜிஏ பலகையைப் பொருத்து என்பவரும் உண்டு. என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, பற்றவைக்கவும் ஓரளவு வரும். அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்) இல்லை. எந்த வரிசையில் போவது?

---

ஈயக்கோல்:

முதலில் அந்தக் கறுப்பு மின்வழங்கியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படிக்கலாம்.

பிடுங்கிவிட்டீர்களா? சரி. அதிலிருந்து இரண்டு மின்சாரம் வெளியே வருகிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம், 9 வோல்ட் மாறுமின்சாரம். ஐந்து வோல்ட்டைக் கட்டிக்காப்பது உள்ளே இருக்கும் ஒரு ரெகுலேட்டர். அதையும் மின்மாற்றியையும் சேர்த்து எப்பாக்ஸிப் பிசினில் அமிழ்த்திவிட்டார்கள். வெப்பம் வெளியேற வழியில்லை, திறந்து பழுதுபார்க்கவும் வழியில்லை. பல பத்தாண்டுகள் அந்தச் சூட்டிலேயே வெந்த ரெகுலேட்டர் சாகும்போது ஒழுங்காகச் சாவதில்லை. வெளியீடு பூஜ்யத்துக்கு இறங்கினால் கணினி தப்பித்துவிடும். இதில் பெரும்பாலும் மேலே ஏறும். ஏறியதும் முதலில் அடிபடுவது நினைவகச் சில்லுகள். கணினியின் உள்ளே அதைத் தடுக்க எந்தக் காவலும் இல்லை, 5 வோல்ட் கோடு நேராகச் சில்லுகளுக்குப் போகிறது.

எனவே செருகியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். ஏழு முள் டின் செருகியில் 5-ஆம் முள் நேர், 2-ஆம் முள் தரை. முள் எண்கள் வரிசையாக இருக்காது. வரைபடம் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் கைவைக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்து 5.0 வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். குளிர்ந்திருக்கும்போது எல்லாமே நல்லபிள்ளைதான். 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் குறுக்கே போட்டால் ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும், கணினி இழுப்பதற்குப் பக்கத்தில் வரும். அரை மணி நேரம் அப்படியே விட்டு, அவ்வப்போது மீட்டரைப் பாருங்கள். மின்தடை கொதிக்கும், தொட வேண்டாம். இந்தச் சில்லுகளுக்கான எல்லை 4.75 முதல் 5.25 வரை. அதைத் தாண்டினால் அந்த மின்வழங்கிக்கு வேலை முடிந்தது.

தாண்டாவிட்டாலும் என் கட்சி ஒன்றுதான்: அதை அலமாரியில் வையுங்கள், கணினிக்குப் புதிய மின்வழங்கி கொடுங்கள். நல்ல 5 வோல்ட் ஸ்விட்ச் மோடு வழங்கி ஒன்று, 9 வோல்ட் மின்மாற்றி ஒன்று, இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் போதும். இங்கே பலரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். வீட்டு மின்சாரத்தோடு வேலை செய்து பழக்கமில்லை என்றால் ஆயத்தமாக விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் வீரம் காட்ட வேண்டாம்.

இப்போது அறிகுறி. சிவப்பு விளக்கு எரிவதால் நிரூபணமாவது 5 வோல்ட் கோட்டில் ஏதோ இருக்கிறது என்பது மட்டுமே. பழைய நீளமான பலகைகளில் 9 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே ஒரு ஃபியூஸ் வழியாகப் போய், அங்கே தனி ரெகுலேட்டர்கள் மூலம் 12 வோல்ட்டும் இன்னொரு 5 வோல்ட்டும் ஆகிறது. வீடியோ சில்லும் கடிகாரச் சுற்றும் வாழ்வது அந்த இரண்டாவது 5 வோல்ட்டில். ஃபியூஸ் போனால் விளக்கு எரியும், கடிகாரம் துடிக்காது, திரை கறுப்பாக இருக்கும். எனவே முதல் சோதனை ஃபியூஸ். கண்ணால் பார்க்காதீர்கள், மீட்டரால் பாருங்கள்.

ஃபியூஸ் நலமென்றால், புதிய மின்வழங்கியோடு நினைவகச் சில்லுகளின் கால்களில் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பதினாறு கால் கொண்ட சாதாரணத் தருக்கச் சில்லுகளில் 8-ஆம் கால் தரை, 16-ஆம் கால் 5 வோல்ட். இந்தக் கணினியில் இருக்கும் 4164 நினைவகச் சில்லுகளில் அது தலைகீழ்: 8-இல் 5 வோல்ட், 16-இல் தரை. பழக்கத்தில் அளந்தால் மீட்டர் மைனஸ் காட்டும், பலகையே போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

அடுத்த கட்டத்துக்கு 'டெட் டெஸ்ட்' சோதனைக் கார்ட்ரிட்ஜ் ஒன்று தேவை. சாதாரணமாக இந்தக் கணினி எழுந்திருக்க, அதன் அடிப்படை நிரல் பதிந்த கெர்னல் ரோம் சில்லு நலமாக இருக்க வேண்டும். இந்தக் கார்ட்ரிட்ஜ் கெர்னலை ஒதுக்கிவிட்டுத் தன் நிரலையே செயலிக்குக் கொடுக்கும். நினைவகத்தில் கோளாறு என்றால் திரை வெள்ளையாக மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்பதே எந்தச் சில்லு என்ற விடை. மின்னலே இல்லாமல் கறுப்பாகவே கிடந்தால் சந்தேகம் பிஎல்ஏ, வீடியோ சில்லு, செயலி, கடிகாரம் பக்கம் போகும்.

விரலால் தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். ஆனால் வீடியோ சில்லும், ஒலிச் சில்லும், பிஎல்ஏயும் நலமாக இருக்கும்போதே சுடும். நினைவகச் சில்லு எட்டில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதுதான் குற்றவாளி.

அந்த 'எல்லாவற்றையும் மாற்று' கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாடி பார்க்காமல் கஷாயம் காய்ச்சுவது போன்ற வேலை அது. நாற்பது ஆண்டுப் பலகையில் ஒவ்வொரு பாகத்தைப் பிரிக்கும்போதும் ஒரு செப்புத் தடம் உரிந்து வரும் வாய்ப்பு இருக்கிறது. கோளாறில்லாத இருபது கெப்பாசிட்டரை மாற்றி இரண்டு தடத்தைப் பறிகொடுத்தவர்களின் பலகைகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. மூலக் கோளாறு அப்படியே இருக்கும், கூடவே புதியதாக இரண்டு சேர்ந்திருக்கும்.

---

மஞ்சள்_பிளாஸ்டிக்:

ஈயக்கோல் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கெப்பாசிட்டரை மாற்றச் சொல்பவர்கள் எல்லோரையும் ஒரே கோணியில் கட்டுவது நியாயமா? என்னிடம் இருப்பது 1992-இல் வந்த அமிகா 1200. அந்தக் காலத்தில் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டும் சிறு எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் அடியில் கசியும். கசிவது தெரியாது. பற்றிடம் மங்கிப்போயிருக்கும், சூடு வைத்தால் மீன் நாற்றம் வரும். அதற்குள் பக்கத்துத் தடங்களை அரித்திருக்கும். இங்கே காத்திருப்பதுதான் தவறு.

அதேபோல பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியில் இருக்கும் காகித வடிகட்டிக் கெப்பாசிட்டர். ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை, அதில் மயிரிழை வெடிப்புகள். வெடிப்பு வழியே ஈரம் உள்ளே போகும். இயக்கிய சில நிமிடங்களில் அறை முழுக்கப் புகை. சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்பவருக்குச் சோதனையே புகைதான்.

மற்றபடி, கேட்டவருக்கு வேண்டியது நிரல்கள்தானே? கேசட்டுகளைக் கோப்பாக மாற்றி, இன்றைய கணினியில் கொமடோர் போலவே நடந்துகொள்ளும் வைஸ் எமுலேட்டரில் ஓட்டிவிடலாம். கணினியைப் பழுதுபார்ப்பது வேறு ஆசை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

ஈயக்கோல்:

இரண்டு எடுத்துக்காட்டும் சரி, ஒப்புக்கொள்கிறேன். அவற்றோடு அமிகா 2000-இன் பலகையில் பற்றவைத்த நிக்கல் காட்மியம் பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டதும் வெட்டி எறிய வேண்டும், சோதனை தேவையில்லை. ஆனால் இந்த மூன்றிலும் எது, ஏன் கெடுகிறது என்பது தெரிந்துதான் கைவைக்கிறோம். கொமடோர் 64-இல் இருப்பவை துளையில் செருகிய பழைய வகைக் கெப்பாசிட்டர்கள், அவை இன்றும் பெரும்பாலும் அளவு மாறாமல் இருக்கின்றன. 1992-இன் நோய்க்கு 1982-இன் கணினியில் மருந்து போடாதீர்கள் என்கிறேன், அவ்வளவே.

பிஎல்ஏ பற்றி விட்டுப்போனது: அது உண்மையிலேயே அடிக்கடி சாகும் சில்லுதான். ஆனால் முதல் சந்தேகம் என்பது தீர்ப்பு ஆகாது. மாற்ற நேர்ந்தால், பதினாறு உள்ளீடு, எட்டு வெளியீடு என்பதால் 64 கிலோபைட் ஈப்ராம் (அழித்து எழுதக்கூடிய நினைவகச் சில்லு) ஒன்றில் அட்டவணையை எழுதிப் பொருத்தலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. கணக்குப்படி சரிதான். ஆனால் ஈப்ராமின் வெளியீடு ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைவெளியில் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை நினைவகம் உண்மையான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் பத்து நிமிடம் ஓடிவிட்டுத் திணறும். இதற்கென்றே வடிவமைத்த மாற்றுச் சில்லுகள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள்.

---

நாடாக்காரி:

கேசட்டுகளைப் பற்றி யாராவது விரிவாகச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வழக்கம்போல எல்லோரும் சில்லுகளுக்குள் போய்விட்டீர்கள்.

தம்பி, கணினியைத் தொடுவதற்கு முன்பே கேசட்டுகளை முடித்துவிடுங்கள். சில்லு இன்னொன்று கிடைக்கும். சித்தப்பா எழுதிய நிரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இந்தக் கணினி ஓடவேண்டிய தேவையே இல்லை. நல்ல நிலையில் உள்ள சாதாரண ஒலிநாடா டெக் ஒன்று, கணினியில் ஒலி உள்ளீடு, 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவு. டால்பி இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள், ஒலித்தரத்தை அழகாக்கும் எந்தப் பொத்தானையும் தொடாதீர்கள். நமக்கு வேண்டியது இசை அல்ல, துடிப்புகளுக்கு இடையிலான நேரம்.

கொமடோர் தன் நாடாவில் மூன்று நீளத் துடிப்புகளைப் பயன்படுத்துகிறது: குட்டை, நடுத்தரம், நெட்டை. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் ஒரு பிட். அதோடு ஒவ்வொரு தொகுதியையும் இரண்டு தடவை எழுதும். ஏற்றும்போது முதல் பிரதியில் பிழை தெரிந்தால் இரண்டாம் பிரதியை வைத்துத் திருத்தப் பார்க்கும். அது அவ்வளவு மெதுவாக இருந்ததற்கு இது ஒரு காரணம். அன்று எல்லோரும் திட்டிய அந்த மெத்தனம்தான் இன்று உங்களுக்கு வரம். கடையில் வாங்கிய விளையாட்டுகள் பலவற்றில் வேகமாக ஏற்றும் முறை இருக்கும், அவற்றில் இரண்டாம் பிரதி இருக்காது, ஒரு சிறு சேதத்தில் போய்விடும். வீட்டில் சாதாரண சேமிப்புக் கட்டளையில் எழுதிய நிரல்கள்தான் அதிகம் பிழைக்கின்றன.

செய்யவேண்டியது: ஓட்டுவதற்கு முன் நாடாவைத் தலையிலிருந்து கடைசி வரை ஒருமுறை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கும் அடுக்குகள் பிரியட்டும். சுற்றும்போது கிறீச்சிட்டாலோ இழுத்தாலோ நிறுத்திவிடுங்கள். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு தலைப்புறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்துவிடுவது சகஜம், விழுந்தால் ஒலி மங்கி மங்கி வரும். இன்னொரு வீணான கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். டெக்கின் தலையையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பழுப்புக் கறை வருவது நிற்கும் வரை.

பிறகு சாய்வு. பதிவு செய்த இயக்கியின் தலை எந்தக் கோணத்தில் இருந்ததோ, அதே கோணத்தில் படித்தால்தான் கூர்மையாக வரும். சித்தப்பாவின் நாடாக்கள் எல்லாம் ஒரே இயக்கியில் எழுதியவை என்பதால் ஒருமுறை சரிசெய்தால் போதும். தலைக்குப் பக்கத்தில் இருக்கும் திருகை மிகச் சிறிதளவு திருப்பிக்கொண்டே காதால் கேளுங்கள். கீச்சொலி எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த ஒலிக்கோப்பைத் துடிப்பு நீளங்களாக மாற்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. வெளியே வரும் டேப் கோப்பை வைஸ் நேராகப் படிக்கும். மூல ஒலிக்கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளை இதைவிட நல்ல மாற்று நிரல் வந்தால் மறுபடி முயலலாம், நாடா அதுவரை இருக்குமா என்பது தெரியாது.

அவருடைய கேசட் இயக்கியையே பயன்படுத்த ஆசை என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். சிலவற்றில் அது தார் போல உருகிக் கிடக்கும். விரலில் ஒட்டினால் ஒரு வாரம் போகாது.

---

ரப்பர்விசை:

கேள்வி கேட்டவருக்கு நேராகப் பயன்படாது, ஆனால் இந்த இழையைப் படிக்கும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்காரர்களுக்காக: உங்கள் கணினியின் கீழ் 16 கிலோபைட் நினைவகம் 4116 சில்லுகள். அவற்றுக்கு 5, 12, மைனஸ் 5 என்று மூன்று மின்னழுத்தம் வேண்டும். மைனஸ் 5 வராமல் 12 மட்டும் வந்தால் சில்லுகள் வரிசையாகச் சாகும். அந்த 12-ஐயும் மைனஸ் 5-ஐயும் பலகையிலேயே உண்டாக்கும் சிறு சுற்று பழுதாவது மிகச் சாதாரணம். புது நினைவகம் போடுவதற்கு முன் அந்தச் சுற்றைச் சரிசெய்யாவிட்டால் புதியவையும் அதே வழியில் போகும். இன்னொன்று, ஸ்பெக்ட்ரம் மின்வழங்கியின் செருகியில் நடுமுனை மைனஸ். வேறு எந்த 9 வோல்ட் வழங்கியையும் எடுத்துச் சொருகிவிடாதீர்கள்.

செயலியைப் பொறுத்தவரை 6502 செயலிக்காரர்களுக்கு அதிர்ஷ்டம், அதன் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிமாஸ் வடிவம் இன்னும் தயாராகிறது. நம் ஸ்பெக்ட்ரத்தின் செயலியான இசட்80 1976-இலிருந்து வந்துகொண்டிருந்தது. அதன் நாற்பது கால் பழைய வடிவத்தை நிறுத்துவதாகத் தயாரிப்பாளரான ஸைலாக் 2024-இல் அறிவித்துவிட்டது. பதற வேண்டாம், உலகில் ஏராளமாகக் கிடக்கின்றன. ஆனால் புதிதென்று சொல்லி மேலெழுத்தைச் சுரண்டி மாற்றிய சில்லுகளும் இனி அதிகமாக வரும். வாங்கும்போது கவனம்.

---

எட்டுபிட்_புதியவன்:

அனைவருக்கும் நன்றி. நாடாக்காரி அக்கா சொன்னபடி கேசட்டுகளை முதலில் எடுத்தேன். சித்தப்பாவின் நாடாக்களில் பெரும்பாலானவற்றைப் படிக்க முடிந்துவிட்டது. ஒரு நிரல் வட்டிக் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் குறிப்புரை எழுதியிருக்கிறார், மனிதர் வேலையில் எவ்வளவு கறார் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரே ஒரு நாடாவில் பஞ்சு விழுந்திருந்தது, மாற்றியதும் வந்துவிட்டது.

மின்வழங்கி: சுமையில்லாமல் 5.1. ஈயக்கோல் ஐயா சொன்ன மின்தடையோடு தொடங்கும்போதும் 5.0. கொஞ்ச நேரத்தில் 5.4. பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 6-ஐத் தாண்டியது. கழற்றிவிட்டேன். புதியதை ஆயத்தமாகவே வாங்கினேன்.

ஃபியூஸ் நலம். டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் போட்டால் சில நொடிகள் கறுப்பு, பிறகு நான்கு வெள்ளை மின்னல், ஓர் இடைவெளி, மறுபடி நான்கு. எப்போதும் நான்குதான். பட்டியலைப் பார்த்து அந்தச் சில்லைக் கண்டுபிடித்துவிட்டேன், பலகையில் நேராகப் பற்றவைத்திருக்கிறது. இப்போதே எடுத்துவிடலாமா? எந்த மாதிரி சாக்கெட் போடுவது?

---

ஈயக்கோல்:

எப்போதும் நான்கு என்பது நல்ல செய்தி. நினைவக முகவரிப் பாதையில் இருக்கும் இரண்டு 74எல்எஸ்257 தருக்கச் சில்லுகளில் கோளாறு என்றால் இவ்வளவு ஒழுங்காக ஒரே எண்ணிக்கை வருவது அரிது. ஆனாலும் ஈயக்கோலைச் சூடாக்குவதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது.

நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் ஒரு பைட்டின் ஒரு பிட்டை வைத்திருக்கிறது, எட்டும் சேர்ந்துதான் ஒரு பைட். அந்த ஒரு பிட்டின் கோட்டிலேயே ரோம்களும், உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் 6526 சில்லுகள் இரண்டும், ஒலிச் சில்லும் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று கோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாலும் கார்ட்ரிட்ஜ் அப்பாவி நினைவகத்தைத்தான் கைகாட்டும். டெட் டெஸ்ட் ஓட இவை எதுவும் தேவையில்லை. எனவே மின்சாரத்தை அணைத்துவிட்டு, இவற்றில் எவை சாக்கெட்டில் இருக்கின்றனவோ அவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றும் எந்த இடத்துக்குரியது, எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுதிவைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மின்னல் நின்றால் குற்றவாளி கழற்றியவற்றில் இருக்கிறது.

நிற்கவில்லை என்றால், நல்ல 4164 ஒன்றைச் சந்தேகச் சில்லின் முதுகில் ஏற்றி, கால்கள் காலோடு தொடுமாறு அழுத்திக்கொண்டு இயக்குங்கள். வெட்டுத்தடம் இருக்கும் பக்கம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மின்னல் மாறினால் உறுதியாகிவிட்டது. மாறாவிட்டால் ஒன்றும் உறுதியில்லை. அடியில் இருப்பது கோட்டை அழுத்திப் பிடிக்கிறது என்றால் மேலே ஏற்றியதால் பயனில்லை.

எடுக்கும்போது செத்த சில்லைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். உடலுக்கு அருகிலேயே கால்களை ஒவ்வொன்றாகக் கூரிய வெட்டியால் நறுக்கி உடலை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு காலுக்கும் கொஞ்சம் புது ஈயம் ஊட்டிச் சூடாக்கிச் சிமிட்டாவால் இழுங்கள். புது ஈயம் கலந்தால்தான் பழையது இளகும். இழுப்பது என்றால் தானாக வருவதை எடுப்பது, பலத்தைக் காட்டினால் துளையின் உள்சுவர்ச் செம்பும் கூடவே வரும். தரைக் கால் பெரிய செம்புப் பரப்போடு இணைந்திருப்பதால் அது மட்டும் மெதுவாகத்தான் இளகும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட் இரண்டு வகையில் எதுவும் சரி: கடைந்தெடுத்த வட்ட முள் உடையது, அல்லது காலை இருபுறமும் கவ்வும் தகடு உடையது. ஒரு பக்கம் மட்டும் கவ்வும் மலிவு வகை வேண்டாம், சில ஆண்டுகளில் தளர்ந்து, இல்லாத கோளாறை எல்லாம் காட்டும். புதிய சில்லு 150 அல்லது 200 நானோ விநாடி என்று குறித்திருந்தால் போதும், இன்னும் வேகமானதும் ஓடும்.

மாற்றிய பிறகு வேறு எண்ணிக்கையில் மின்னினால் கலங்க வேண்டாம். கார்ட்ரிட்ஜ் முதலில் கண்ட ஒன்றைத்தான் சொல்கிறது. அந்த 6 வோல்ட்டைக் குடித்த பலகையில் இன்னொன்றும் செத்திருக்கலாம். அதையும் இதே வரிசையில் பார்த்துவிட்டு, எத்தனை மின்னல் என்று இங்கே எழுதுங்கள்.